பொதுக் காணியும் பறிபோன காணியும்: நியூசிலாந்து மவோரி மக்களின் நிலமீட்புக்கு எதிரான வாதம் பற்றி

"பொதுக் காணி நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது; அதனை ஒரு சமூகத்தினருக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது ஏனையோருக்கு இழைக்கும் அநீதி" என்னும் வாதம் நியூசிலாந்தில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக ஒலித்து வருகின்றது. மவோரி இனக்குழு ஒன்றுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே தீர்வு ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு, காடோ மலையோ கடற்கரையோ திருப்பிக் கொடுக்கப்படும் என்ற செய்தி வெளியாகுந்தோறும் இவ்வாதம் புதிதாகப் பிறப்பெடுக்கின்றது. 2004ஆம் ஆண்டு ஜனவரியில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் டொன் பிராஷ் ஒரேவாவில் ஆற்றிய உரை இதற்கு அரசியல் மதிப்பை ஈட்டிக் கொடுத்தது. மறுவருடத் தேர்தலில் அவரது கட்சி கடற்கரைகளைப் பற்றி ஒட்டிய சுவரொட்டி, ஒருபுறம் 'ஈவி' என்றும் மறுபுறம் 'கிவி' என்றும் இரு சொற்களைத் தாங்கி நின்றது. ஈவி என்பது மவோரி இனக்குழு. கிவி என்பது நியூசிலாந்தர். மவோரி நியூசிலாந்தர் அல்லர் என்று எங்கும் எழுதாமலே அதனைச் சொல்லி முடித்த சாமர்த்தியம் வியக்கத்தக்கது.

இவ்வாதத்தைக் கூறுவோர் எல்லோரையும் இனவாதிகள் என்று ஒதுக்கிவிடல் எளிது, பயனற்றதும் கூட. காட்டிலே நடப்பதற்கும் ஏரியிலே மீன் பிடிப்பதற்கும் தமக்குள்ள உரிமை போய்விடுமோ என அஞ்சும் சாதாரண மக்களும் அவர்களிடையே உளர். பொது உடைமை என்னும் கருத்தில் மெய்யான பற்றுக் கொண்ட இடதுசாரிகளும் உளர். ஆகவே வாதத்தை வாதமாகவே எடுத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இக்காணி பொதுக் காணியானது எப்போது? எவ்வாறு?

1840 பெப்ரவரி 6ஆந் திகதி வைத்தாங்கியில் பிரித்தானிய முடியின் பிரதிநிதியும் மவோரித் தலைவர்களும் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். அதன் இரண்டாம் உறுப்புரை, மவோரியருக்கு அவர்தம் காணிகளும் காடுகளும் மீன்பிடி இடங்களும் அவர்கள் விரும்புங் காலம்வரை இடையூறின்றி உரியன என உறுதியளித்தது. ஆங்கில வாசகமும் மவோரி வாசகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டமை, எல்லாக் குழுக்களும் கைச்சாத்திடாமை ஆகியன தனியே ஆராயத்தக்கன. நிலத்தைப் பொறுத்தவரை கருதவேண்டியது அதே உறுப்புரையின் பிற்பகுதியாகும். மவோரியர் காணியை விற்க விரும்பின் முடிக்கு மட்டுமே விற்கலாம் என்பது அதன் விதி. தனிப்பட்ட வெள்ளையரின் மோசடியிலிருந்து சுதேசிகளைக் காப்பதற்கான ஏற்பாடு என்று இதற்கு விளக்கம் கூறப்பட்டது. சந்தையில் வாங்குவோன் ஒருவனே எனில் விலை யார் வைப்பது என்பதை அறியப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை.

தென்தீவின் ங்காய் தாகு மக்களின் வரலாறு அவ்விலையைக் காட்டும். 1848இல் ஹென்றி கெம்ப் என்னும் அதிகாரி, ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் எனக் கணக்கிடப்பட்ட நிலப்பரப்பை 2,000 பவுணுக்கு வாங்கினார். அதாவது பவுண் ஒன்றுக்குப் பத்தாயிரம் ஏக்கர். 1844 முதல் 1864 வரை அம்மக்களிடமிருந்து முடி பெற்றுக்கொண்ட நிலம் மொத்தம் 3 கோடி 45 இலட்சம் ஏக்கர். கொடுத்த தொகை 14,750 பவுண். நாட்டின் நிலப்பரப்பிற் பாதிக்கு மேல் இவ்வாறு கைமாறியது. கெம்பின் உறுதியில் மக்கள் வாழும் இடங்களும் அவர்கள் உணவு தேடும் இடங்களும் அவர்களுக்கே விடப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. விடப்பட்டவை 6,359 ஏக்கர். ஒருவருக்குச் சுமார் பத்து ஏக்கர். ஒரே குடியேறிக்குப் பல்லாயிரம் ஏக்கர் ஆட்டு மேய்ச்சலுக்கு அளிக்கப்பட்ட காலத்தில், காலங்காலமாக அந்நிலத்தில் வாழ்ந்தவனுக்குப் பத்து ஏக்கர் போதுமென்று முடிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே, 1849இல், மத்தியாஹா திராமோரெஹு என்னும் தலைவர் எழுத்து மூலம் முறையிட்டார். அம்முறையீடு தீர்வு காண 149 ஆண்டுகள் சென்றன.

இடையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாது விடலாகாது. தீவின் உட்புறத்து உயர்நிலங்கள் ஒருபோதும் விற்கப்படவில்லை என்னும் நிலைப்பாடு கொண்ட தெ மைஹாரோவா என்ற ஞானத் தலைவர், 1877இல் தம் மக்களைத் திரட்டிக்கொண்டு வைதாகி ஆற்றின் வழியே மேலேறி ஒமராமா என்னுமிடத்திற் குடியமர்ந்தார். அவருடைய நிலைப்பாடு சட்டப்படி செல்லுமா என்பது வேறு வினா. அவர்கள் ஆயுதம் ஏந்தவில்லை. வீடு கட்டினர், பயிரிட்டனர், வழிபட்டனர். மேய்ச்சல் நிலக்காரர் முறையிட்டனர். 1879 ஓகஸ்டில், தென்தீவின் கடுங்குளிர் காலத்தில், பொலிசார் சென்று அவர்களை அப்புறப்படுத்தினர். முடிக்குரிய காணியில் அத்துமீறிக் குடியேறியோர் என்பதே அவர்கள் மீது கூறப்பட்ட குற்றம். ஒமராமாவை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்த உயர்நிலங்களுக்குப் பின்னர் நேர்ந்தது இன்றைய வாதத்தோடு நேரடித் தொடர்புடையது.

வடதீவில் விலை என்ற பாவனையும் இருக்கவில்லை. 1863 ஜூலையில் பிரித்தானியப் படை வைகாத்தோவுக்குட் புகுந்தது. அவ்வாண்டின் இறுதியில் நியூசிலாந்துக் குடியேற்றச் சட்டம் நிறைவேறிற்று. தம் நிலத்தைக் காத்து நின்றோர் கலகக்காரராயினர். கலகக்காரரின் நிலம் பறிமுதலாயிற்று. வைகாத்தோவிற் பறிக்கப்பட்டது சுமார் 12 இலட்சம் ஏக்கர். அதில் ஒரு பகுதி 'விசுவாசிகள்' எனக் கருதப்பட்ட தனியாட்களுக்குத் திருப்பி வழங்கப்பட்டது. எஞ்சியது படைவீரருக்கும் குடியேறிகளுக்கும் அரசுக்கும் சென்றது. சட்டம் இயற்றிய பாராளுமன்றத்தில் அப்போது மவோரி உறுப்பினர் ஒருவரேனும் இருந்திலர். அவர்களுக்கென நான்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டது 1867இலாகும். காணி கைமாறிய பின்னரே சமத்துவம் வந்து சேர்ந்தது.

போரும் கொள்வனவும் முடிந்தபின் மூன்றாவது வழி திறந்தது. அதன் பெயர் பொதுத் தேவைக்கான சுவீகரிப்பு. ஒக்லாந்து நகர் எழுவதற்கு 1840இல் நிலங்கொடுத்து அழைத்தோர் ங்காத்தி ஃபாத்துவா மக்கள். அவர்களிடம் இறுதியாக எஞ்சியிருந்தது ஒராக்கேயில் 700 ஏக்கர். அது விற்க முடியாத காணி எனச் சட்டம் கூறியது. ஆயின் காணி நீதிமன்றம் கூட்டுடைமையைப் 13 பேரின் பெயரில் எழுதிற்று, பின்னர் துண்டாடிற்று, துண்டுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாக வாங்கிற்று. ரஷ்யர் வரக்கூடும் என்ற அச்சத்தில் 1880களில் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட 13 ஏக்கர், ரஷ்யர் வாராமலே போனபின்னும் உரியவர்களிடம் திரும்பவில்லை. அது 1941இல் நகரசபைக்குக் கொடுக்கப்பட்டது. ஒக்லாந்தின் கழிவுநீர்க் குழாய் அவர்தம் கிராமத்துக்கு முன்னால் கடலிற் கொட்டியது. 1951-52இல் கிராமமே அப்புறப்படுத்தப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. நகருக்கு இடங்கொடுத்த மக்களுக்கு மிஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு.

ரக்லானில் நிகழ்ந்ததும் இத்தகையதே. உலகப்போரின்போது விமானத்தளம் அமைக்கவென எடுக்கப்பட்ட காணி, போர் முடிந்தபின் கோல்ப் மைதானமாயிற்று. முன்னோர் புதைக்கப்பட்ட மண்ணில் விளையாட்டுக்கு மணற்குழி வெட்டப்பட்டது. 1978இல் ஈவா ரிக்கார்டும் அவருடன் சென்றோரும் அம்மைதானத்திற் புகுந்து கைதாயினர். போர்க்காலத் தேவை பொதுத் தேவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். கோல்ப் ஆட்டம் எந்தப் பொதுமக்களின் தேவை? அக்காணி பின்னர் மீட்கப்பட்டது. மீட்டது போராட்டமேயன்றி அரசின் மனச்சாட்சியன்று.

பொதுக் காணி என்பதன் பிறப்பு வரலாறு இதுதான். வைத்தாங்கியில் உடன்படிக்கை எழுதப்பட்ட அதே 1840ஆம் ஆண்டில், அதே பேரரசு இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது என்பதை இவ்விடத்துக் கூறுதல் பொருந்தும். காடும் தரிசும் குடியிருப்பற்ற நிலமும் பயிரிடப்படா நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்பது அதன் அனுமானம். வேட்டையாடுபவனுக்கும் சேனைப் பயிர் செய்பவனுக்கும் அவற்றைத் தன்னுடையதென நிரூபிக்க உறுதி ஏது? மாதுறு ஓயாக் காடுகள் 1983இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அங்கு வாழ்ந்த வேடர் தம் வேட்டைக் காட்டிலேயே சட்டவிரோதிகளாயினர்; பலர் ஹெனானிகலை போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். இலங்கை வேடருக்கும் மவோரியருக்கும் இடையே கடல்கள் பல. ஆனால் அவர்தம் நிலத்தை விழுங்கிய சட்டக் கருத்து ஒரே தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது.

இனித் தீர்வு ஒப்பந்தங்களை நோக்கலாம். 1975இல் ஃபீனா கூப்பர் தலைமையில் மவோரியர் வடதீவின் வடகோடியிலிருந்து வெலிங்டன் வரை நடந்து சென்றனர். அவ்வாண்டே வைத்தாங்கி நியாயசபை அமைக்கப்பட்டது. ஆயினும் அதற்குப் பின் நிகழும் அநீதிகளை மட்டுமே அது விசாரிக்கலாம் என்பது விதி. வீடு எரிந்து முடிந்தபின் இனிமேல் தீ வைப்போரைப் பிடிக்க அமர்த்திய காவலாளியை இது ஒத்தது. 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் 1985இலேயே கிட்டியது. நியாயசபையின் அறிக்கைகள் வெளிவரத் தொடங்கியபோது, தனியார் காணிகள் பற்றிய அச்சம் எழுந்தது. 1993இல் சட்டம் திருத்தப்பட்டது. தனியார் காணியைத் திருப்பிக் கொடுக்குமாறு நியாயசபை பரிந்துரைத்தலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது.

இத்தடை இவ்விவாதத்தின் மையமாகும். இன்று வாழும் கமக்காரனை வெளியேற்றி நேற்றைய அநீதியைத் தீர்க்கலாகாது என்ற காரணம் ஏற்கத்தக்கதே. மவோரியர் பலரும் அதனை ஏற்றனர். அநீதிக்குப் பதில் அநீதி வேண்டாம் என்று அவர்கள் ஒதுங்கி நின்றபின், திருப்பிக் கொடுக்க எஞ்சியிருப்பது அரசின் கையிலுள்ள காணி ஒன்றே. அதுவும் பொதுமக்களுடையது, ஆகவே கொடுக்கலாகாது என்றால், பின்னர் எந்தக் காணியைக் கொடுப்பது? தனியார் காணியைத் தொடாதே, பொதுக் காணியையும் தொடாதே என்று கூறுவோன் நிலத்தைக் கொடுக்கும் முறைபற்றி வாதிடவில்லை. நிலத்தைக் கொடுக்கவே வேண்டாம் என்கிறான். அதனை வெளிப்படையாகக் கூறுதல் நேர்மை.

அரசாங்கமும் இவ்வாதத்தை வெளியே மறுத்துக்கொண்டு உள்ளே ஏற்றுக்கொண்டது. 1994 டிசம்பரில், நாடெங்குமுள்ள மவோரியரின் வரலாற்றுக் கோரிக்கைகள் அனைத்துக்கும் சேர்த்து 100 கோடி டொலர் என ஓர் எல்லை வகுக்கப்பட்டது. இனக்குழுக்கள் ஒன்றுகூடி அதனை நிராகரித்தன. 1996இல் அது பெயரளவிற் கைவிடப்பட்டது. 2010இல் தென் கன்ரபரி நிதி நிறுவனம் வீழ்ந்தபோது, அதில் முதலிட்டோருக்கு அரச உத்தரவாதத்தின் கீழ் 150 கோடி டொலருக்கு மேல் வழங்கப்பட்டது. பின்னர் ஒரு பகுதி மீண்டது எனினும், ஒரு நிறுவனத்தின் முதலீட்டாளருக்கு ஒரே மூச்சில் கிடைத்தது, நூற்றைம்பது ஆண்டு நிலப்பறிப்பு முழுவதற்கும் போதுமென வகுத்த தொகையிலும் கூடியது.

வைகாத்தோ மக்களின் ஒப்பந்தம் 1995 மே மாதம் கைச்சாத்தாயிற்று. நிலமாகப் போனது நிலமாகவே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கோட்பாடு. அதன் பயனாகவே, பணத்தோடு ஏறத்தாழ 39,000 ஏக்கர் அரச காணியும் திரும்பியது. மொத்த மதிப்பு 17 கோடி டொலர். அவ்வாண்டு நவம்பரில் எலிசபெத் மகாராணியார் வெலிங்டனில் தம் கையாலேயே சட்டத்தில் ஒப்பமிட்டார். பறிமுதல் தவறென முடி ஒப்புக்கொண்டது. மன்னிப்பின் மதிப்பைக் குறைத்தல் வேண்டா. முதியோர் பலர் அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டனர். ஆயினும் 12 இலட்சத்துக்கும் 39 ஆயிரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மன்னிப்புச் சொற்களால் நிரப்புதல் இயலாது.

ங்காய் தாகு மக்களுக்கு 1997 நவம்பரில் கைக்கோராவில் ஒப்பந்தம் ஆயிற்று, 1998இற் சட்டமாயிற்று. அங்கும் 17 கோடி டொலர். அவ்வொப்பந்தத்தின் ஓர் ஏற்பாடு தனிக் கவனத்துக்குரியது. அவோராக்கி என்பது நாட்டின் மிக உயர்ந்த மலை. குக் மலை எனக் குடியேறிகள் பெயரிட்டது. அது ங்காய் தாகு மக்களுக்கு மூதாதை. அம்மலையின் உரிமை அவர்களுக்கு வழங்கப்படும். ஏழு நாட்களின்பின் அவர்கள் அதனை நாட்டுக்கு அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுப்பர். இவ்வாறு சட்டம் எழுதிற்று. மவோரியரின் பெருந்தன்மைக்கு இது சான்று என்று புகழப்பட்டது. பெருந்தன்மை மெய்யே. ஆனால் பெருந்தன்மையைத் திகதி குறித்துச் சட்டத்தில் எழுதி முற்கூட்டியே வாங்கிக்கொண்ட அரசை எவ்வாறு அழைப்பது? பொதுமக்கள் மலையை இழந்துவிடுவர் என்று கூக்குரலிட்டோர், அதே மக்கள் ஏழே நாளில் மலையைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டபோது தம் அச்சத்துக்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

தூஹோய் மக்களின் கதை இன்னும் நுட்பமானது. வைத்தாங்கி உடன்படிக்கையில் கைச்சாத்திடாதோர் அவர்கள். 1866இல் அவர்தம் வளமான சமவெளிப் பகுதி பறிமுதலாயிற்று. தெ உரெவெரா மலைக்காடு அவர்களுடையதே, அதனை அவர்களே ஆளலாம் என 1896ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அச்சட்டத்தின் ஆவிக்கு மாறாக அரசாங்கமே தனியாட்களிடம் பங்குகளை வாங்கிக் குவித்தது. 1920களில் பங்குகளை ஒழுங்குசெய்தபோது, தெருக்கள் அமைக்கவென்றும் நில அளவைச் செலவுக்கென்றும் மேலும் காணி கழிக்கப்பட்டது. தெருக்கள் அமைக்கப்படவில்லை, காணி திரும்பவுமில்லை. 1954இல் அம்மக்களைக் கேளாமலே அது தேசியப் பூங்காவாயிற்று. பேச்சுவார்த்தை முதிர்ந்திருந்த 2010 மே மாதம், பூங்காவின் உரிமையைத் தூஹோய்க்குக் கொடுப்பதில்லை எனப் பிரதமர் ஜோன் கீ அறிவித்தார். இறுதியில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் தெ உரெவெராவை ஒரு சட்ட ஆளாக்கிற்று. அரசும் அதன் உரிமையாளரன்று, தூஹோயும் அன்று, காடு தனக்குத் தானே உரியது.

உலகின் சட்டக் கல்லூரிகள் இதனைப் பாராட்டின. பாராட்டுக்குரிய கூறுகளும் உள. நிர்வாக சபையில் இன்று பெரும்பான்மையினர் தூஹோய் தரப்பினர். நிலத்தை உடைமையாகக் கருதாது உறவாகக் கருதும் அவர்தம் மரபுக்கும் இந்த ஏற்பாடு இசைந்தது. அதனை விரும்பி ஏற்றோரும் உளர். என்றாலும் இது பிறந்த சூழலை மறத்தலாகாது. உரிமையைக் கேட்டோருக்கு உரிமை மறுக்கப்பட்ட பின்னரே இவ்வழி தோன்றியது. தூஹோய்க்குக் கொடுப்பதிலும் காட்டைக் காட்டுக்கே கொடுப்பது தேர்தலில் ஆபத்துக் குறைந்தது என அரசியல்வாதிகள் கண்டனர். இத்தத்துவம் உயர்ந்ததாயின், அதனை ஏன் பழங்குடியினர் கேட்ட காட்டில் முதலிற் பரீட்சித்தல் வேண்டும்? வெள்ளையரின் ஆட்டுப் பண்ணைகளும் தனக்குத் தானே உரியனவாக ஏன் ஆகவில்லை?

ஆட்டுப் பண்ணைகள் எனவே ஒமராமாவுக்கு மீளவேண்டியதாகின்றது. தெ மைஹாரோவா வெளியேற்றப்பட்ட அவ்வுயர்நிலங்கள், முடிக்குரிய காணியாகவே இருந்து, மேய்ச்சற் குத்தகைக்கு விடப்பட்டு வந்தன. ங்காய் தாகு தீர்வு சட்டமான அதே 1998இல், முடியின் மேய்ச்சல் நிலச் சட்டம் என ஒன்றும் நிறைவேறிற்று. குத்தகை நிலங்களைப் பங்கிட்டு, ஒரு பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டு, மறு பகுதியைக் குத்தகைக்காரருக்கே முழு உரிமையாக எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்படும் வரை, இலட்சக்கணக்கான ஹெக்டேயர் பொதுக் காணி தனியார் கைக்குச் சென்றது. சில காணிகள் பின்னர் பெருவிலைக்கு விற்கப்பட்டன. இதனைக் கண்டித்த ஆய்வாளரும் இயற்கைப் பாதுகாவலரும் உளர், அவர்கள் போற்றுதற்குரியர். ஆயின் பொதுக் காணி ஒரு சிலருக்குப் போகின்றது என்று தேர்தற் சுவரொட்டி எதுவும் அலறவில்லை. ஏழு நாள் மலைக்கு எழுந்த கூக்குரல், என்றென்றைக்குமாகப் போன பள்ளத்தாக்குகளுக்கு எழவில்லை.

கடற்கரை விடயத்திலும் இவ்விரட்டை அளவையே காணலாம். கடற்கரை நிலத்தில் மவோரியரின் வழக்காற்று உரிமை நிலவக்கூடும், அதனை நீதிமன்றில் நிரூபிக்க வாய்ப்பளிக்கலாம் என 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரூபிக்கும் வாய்ப்பு மட்டுமே. உரிமை கூட அன்று. மறுவருடமே பாராளுமன்றம் அக்கரைகளை முடிக்கு உரியனவாக்கிச் சட்டம் இயற்றியது. எல்லோரும் கடற்கரைக்குச் செல்லும் உரிமையைக் காப்பதற்கு என்பது காரணம். ஆனால் ஏற்கெனவே தனியார் உறுதிகளின் கீழ் இருந்த கரைகளை அச்சட்டம் தொடவில்லை. செல்வந்தனின் வேலி பொதுமக்களைத் தடுப்பதில்லை போலும். மவோரியின் பெயர் மட்டும் தடுக்கின்றது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டு வேறொன்று வந்தது. வைத்தாங்கிக் கோட்பாடுகளுக்குப் புதுப்பொருள் கற்பிக்க 2024 நவம்பரில் முன்வைக்கப்பட்ட மசோதா 2025 ஏப்ரலிற் பெருவாரியான வாக்குகளால் தோற்றது. வாதம் தோற்றதாகக் கொள்ளுதற்கில்லை. அது மறு தேர்தலுக்குக் காத்திருக்கின்றது.

இன்னும் இரண்டு ஆட்சேபங்கள் உள. இன்றைய குடிமகன் நேற்றைய குற்றத்துக்குப் பொறுப்பாளியா என்பது ஒன்று. பொறுப்பாளி அல்லன். தனியாட் குடிமகனிடம் எவரும் எதையும் கேட்கவுமில்லை. கேட்கப்படுவது அரசிடம். நூறாண்டுக்கு முன் பெற்ற கடனை இன்றைய அரசு செலுத்துகின்றது. நூறாண்டுக்கு முன் வாங்கிய காணியின் உறுதியை இன்றைய அரசு பெட்டகத்தில் வைத்துக் காக்கின்றது. சொத்து மட்டும் வழிவழி வரும், அச்சொத்தின் மீதுள்ள வில்லங்கம் வாராது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத நியாயம்.

மற்றையது இடதுசாரிகளின் ஆட்சேபம், கனமானது. தீர்வுப் பணமும் காணியும் சாதாரண மவோரித் தொழிலாளிக்குச் செல்வதில்லை. இனக்குழுவின் பெயரில் எழுந்த கூட்டு நிறுவனங்களுக்கும் அவற்றை நடத்தும் புதிய உயர்குழாத்துக்குமே செல்கின்றன என்பர். இதில் உண்மையுண்டு. நகரங்களின் விளிம்பில் வாடகை வீடுகளில் வாழும் மவோரிக் குடும்பங்கள் பல, தம் இனக்குழுவின் பண்ணைகளையோ கட்டடங்களையோ கண்ணாற் கண்டதில்லை. ஆனால் இந்நிறுவன வடிவத்தை யார் விதித்தார்? சொத்தைப் பெறுமுன் தான் ஏற்கும் நிர்வாக அமைப்பு ஒன்று நிறுவப்பட வேண்டும் என்று நிபந்தனை இட்டது அரசே. பகிர்வு நீதியன்று என்பது பகிர்வைத் திருத்துவதற்கான நியாயம். கொள்ளைபோன பொருளைக் கொள்ளை கொண்டவனே வைத்திருப்பதற்கு அது நியாயமாகாது. வீட்டுக்குள் அண்ணன் தம்பி சண்டையிடக்கூடும் என்பதால் அடாத்தாகப் புகுந்தவன் வீட்டைத் தன்னிடமே வைத்திருக்கலாம் என எந்த வர்க்கப் பகுப்பாய்வும் கூறவில்லை.

பொதுமக்கள் எதை இழந்தனர்? அதற்கு விடை ஒராக்கேயிலேயே உளது. 1976இல் அங்கு எஞ்சிய அரச காணியை உயர்வருமானத்தோருக்கான வீடமைப்புக்குத் துண்டாட அரசாங்கம் திட்டமிட்டது. பொதுமக்கள் மீதான அக்கறை அன்று அவ்வளவே. 1977 ஜனவரியில் ஜோ ஹோக் தலைமையில் மக்கள் பாஸ்டியன் முனையைக் கைப்பற்றி அமர்ந்தனர். 506 நாட்கள் குளிரிலும் மழையிலும் அங்கே வாழ்ந்தனர். அங்கு மூண்ட தீயில் ஒரு குழந்தை இறந்தது. 1978 மே 25இல் பொலிசாரும் படையினரும் வந்து 222 பேரைக் கைதுசெய்தனர், குடில்கள் தகர்க்கப்பட்டன. நியாயசபை 1987இல் மக்களின் பக்கம் தீர்ப்புரைத்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் அம்முனையைத் திருப்பிக் கொடுத்தது. இன்று அதன் புல்வெளியில் ஒக்லாந்து நகரத்தார் எவரும் உலாவலாம்; ங்காத்தி ஃபாத்துவா மக்களும் நகர மக்களும் ஒருங்கே பயன்கொள்ளும் திறந்த வெளியாக அது காக்கப்படுகின்றது. உயர்வருமான வீடுகளின் மதில்கள் அங்கே எழவில்லை. நகரப் பொதுமக்களுக்கு அத்திறந்த வெளியைக் காத்துக் கொடுத்தோர், பொதுமக்களின் பெயரால் கைதானவர்களே.

நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இன்று இயற்கைப் பாதுகாப்புக்கான அரச காணி. தீர்வுகளுக்கு அக்காணி பொதுவாகக் கிட்டாது, தனிச்சிறப்புடைய சிறு துண்டுகள் மட்டுமே கருதப்படலாம் என்பது 1994இல் வகுக்கப்பட்ட கொள்கை. உபரியாகும் ஏனைய அரச காணிகளுக்கு இனக்குழுக்களுக்குக் கிடைப்பது முதற்கொள்வனவு உரிமை. அதாவது தம் மூதாதையரின் காணியைப் பிறருக்கு முன் சந்தை விலை கொடுத்து வாங்கும் சலுகை. முடியிடமிருந்து நட்டஈடாகப் பெற்ற பணம், அதே முடியிடம் காணி விலையாக மீள்கின்றது. 1848இல் பவுண் ஒன்றுக்குப் பத்தாயிரம் ஏக்கரென வாங்கியவர் இன்றைய விலைக்கு விற்கின்றார். பாதுகாப்புக் காணி பற்றிய அக்கொள்கை நீக்கப்பட வேண்டும். காடுகளும் மலைகளும், மக்கள் சென்றுவரும் உரிமை காக்கப்பட்ட நிலையில், முழு உறுதியோடு உரியவர்களிடம் எழுதப்பட வேண்டும். விலை கேட்கப்படலாகாது, ஏழு நாள் தவணையும் வேண்டியதில்லை.